செயின் போன புதன்கிழமை: மாரிக்குப்பம் குடும்பம் குழு

புதன், காலை 6:38

பிரபு: ராத்திரி செயினில் மாட்டியிருந்ததை எவனோ அறுத்துக்கொண்டு போய்விட்டான். நம் வாசலிலேயே.

மல்லிகா அத்தை: ஐயோ

மல்லிகா அத்தை: டாலரா?

மல்லிகா அத்தை: யார் கழுத்துடா? சாந்திக்கு ஒன்றும் ஆகவில்லையே? எத்தனை பவுன்?

ராஜா பெரியப்பா: உடனே 112 அடி.

வேலு மாமா: கோலம் போடும்போதா? இதைத்தான் தலைதலையாக அடித்துக்கொள்கிறேன். வண்டியில் இரண்டு பேர் வருவான், முன்னால் இருப்பவன் வழி கேட்பான், பின்னால் இருப்பவன் கையை நீட்டுவான்.

கார்த்திக்: பைக் செயின் அத்தை

பிரபு: யார் கழுத்தும் இல்லை. பைக் செயினுக்குத் தானாக எண்ணெய் விடுகிற டப்பா ஒன்றை கிராஷ் கார்டுக் கம்பியில் கட்டியிருந்தேனே, அது. கூடவே மொபைல் ஹோல்டர், ஒரு ஃபாக் லைட்.

மல்லிகா அத்தை: ஒரு நிமிஷம் உயிரே போய்விட்டது. இதற்கா விடியற்காலையில் செயின் செயின் என்று போடுகிறாய்

அம்மா: உள்ளே நிறுத்து என்று நான் சொன்னேன்.

பிரபு: உள்ளே எங்கேம்மா இடம்? உன் துளசித் தொட்டி, இரண்டு ஸ்கூட்டி, மாடி வீட்டுக்காரர் வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டி.

கார்த்திக்: ஒரு லைட் மட்டுமா? இன்னொன்று?

பிரபு: அதன் போல்ட் துருப்பிடித்து இறுகியிருந்தது. சுற்றிலும் புதுக் கீறல், முயற்சி செய்து பார்த்திருக்கிறான். கேபிள் டை இரண்டையும் நகவெட்டி மாதிரி எதனாலோ நறுக்கியிருக்கிறான், டியூபையும் அப்படியே. வெட்டிய முனை ஸ்டாண்டு பக்கம் தொங்குகிறது, இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது.

மணி சித்தப்பா: பிரபு, வண்டியை எடுக்காதே. முதலில் பின் டயரைத் தொட்டுப் பார். எண்ணெய் பட்டிருந்தால் சோப்புத் தண்ணீர் போட்டு இரண்டு முறை கழுவி, துணியால் துடைத்து, காய்ந்த பிறகு எடு. உன் வண்டியில் செயின் இடது பக்கம், பின் டிஸ்க் வலது பக்கம், அதனால் பிரேக் தப்பித்திருக்கும், ஆனால் டயரின் இடது ஓரத்தில் பட்டிருந்தால் அல்சூர் ஏரி வளைவில் திரும்பும்போதுதான் உனக்கே தெரியும், தெரிந்து பிரயோஜனம் இல்லை.

அப்பா: ம்.

பிரபு: இடது ஓரம் பளபளக்கிறது சித்தப்பா. கழுவுகிறேன்.

அம்மா: வாசலையும் சேர்த்துக் கழுவு. போன மாதம் இவன் அந்தக் குழாயை மூட மறந்து என் கோலத்தின் மேல் ஒரு பாட்டில் எண்ணெய். தண்ணீர் கேன் போடுகிற பையன் வழுக்கி உட்கார்ந்தான்.

கார்த்திக்: அப்போது திருடன் உங்களுக்கு உதவிதான் செய்திருக்கிறான் சித்தி

அம்மா: நான் அப்படிச் சொல்லவில்லை.

காலை 8:10

பிரபு: வேலு மாமா, இன்சூரன்ஸில் ஏதாவது வருமா?

வேலு மாமா: வராது. டூ வீலர் பாலிசியில் தெளிவாக இருக்கிறது, வண்டியோடு சேர்ந்து போனால்தான் ஆக்ஸஸரிக்குப் பணம், தனியாக ஆக்ஸஸரி மட்டும் திருடு போனால் கிடையாது. அதற்கென்று தனி கவர் இருக்கிறது, கொஞ்சம் கூடுதல் பிரீமியம். புதுப்பிக்கும்போது கேட்டேன், வேண்டாம் என்றாய். போன் பில் மாதிரி பார்க்கிறீர்கள் எல்லோரும்.

கார்த்திக்: திருடனிடம் பைக்கையும் எடுத்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம்

பிரபு: ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கட்டுமா?

கார்த்திக்: கொடு. அடுத்த தெருவிலும் இதே மாதிரி போயிருந்தால் சேர்த்துப் பார்ப்பார்கள். ஆனால் பெரிதாக எதிர்பார்க்காதே. புதுக் குற்றவியல் சட்டம், பி.என்.எஸ். 303, பொருள் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, அவன் முதல் முறையாகத் தண்டிக்கப்படுகிறவனாக இருந்து, பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான்.

அம்மா: வந்து வாசலைக் கழுவட்டும்.

ராஜா பெரியப்பா: பழைய சாமான் விற்கிற குஜிரிப் பக்கம் போய்ப் பார். அவனவன் பொருளை அவனவனே பேரம் பேசி வாங்கின ஊர் இது.

காலை 8:52

பிரபு: அடுத்த வாரம் கன்னியாகுமரி டிரிப். என்ன வாங்குவது என்று சொல்லுங்கள். போக மட்டும் 650 கிலோமீட்டருக்கு மேல், ஜூன் மாதம், நாகர்கோவில் பக்கம் மழை நிச்சயம். மழையில் ஸ்ப்ரே அடித்ததெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடுகிறது.

ராஜா பெரியப்பா: ஆரல்வாய்மொழிக் காற்றைப் பார்த்துப் போ. லாரியே ஆடும்.

மல்லிகா அத்தை: செயினே இல்லாத ஸ்கூட்டர் வாங்கிக்கொள்ளேன்

மணி சித்தப்பா: சொல்கிறேன். பொறுமையாகப் படி. இந்த ஆட்டோ ஆயிலரில் முக்கியமாக மூன்று வகை. ஒன்று நீ கட்டியிருந்தது, மேலே டப்பா, கீழே டியூப், எண்ணெய் தன் எடையில் இறங்கும், குழாயை நாம்தான் திறந்து மூட வேண்டும், மறந்தால் சாந்தி அண்ணி சொன்ன கதை. இதிலேயே ஒரு ரகம் வண்டி ஆடினால் திறந்து நின்றால் மூடிக்கொள்ளும், ஆனால் டப்பா வெளியேதான் நிற்கும். இரண்டாவது வேக்கம் வகை. ஸ்காட்டாய்லர் என்று ஸ்காட்லாந்துக்காரன் செய்கிறான். இன்ஜின் காற்று இழுக்கிற பாதையிலிருந்து ஒரு சின்ன டியூப், இன்ஜின் ஓடினால் அந்த இழுப்பில் வால்வு திறக்கும், நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு சொட்டு, இன்ஜினை அணைத்தால் தானாக மூடிக்கொள்ளும். மூன்றாவது எலெக்ட்ரானிக், பேட்டரியிலிருந்து வயர் வரும், பம்ப் அளந்து விடும்.

மணி சித்தப்பா: எதுவானாலும் டியூப் முனை பின் ஸ்ப்ராக்கெட்டின், அதாவது செயின் மாட்டியிருக்கிற பல்சக்கரத்தின், பக்கவாட்டில், கீழ்ப்பக்கமாக, மணிக்கூண்டில் 7 காட்டுகிற இடத்தில் உரசி நிற்க வேண்டும். சுற்றுகிற வேகத்தில் எண்ணெய் தானே பல்லுக்கு ஏறி செயினுக்குப் போகும். பலர் நேராகச் செயின் மேலேயே விடுகிறார்கள், அது டயருக்குத்தான் போகும்.

கார்த்திக்: 👍

பிரபு: சரி சித்தப்பா, எதை வாங்க?

மணி சித்தப்பா: வருகிறேன். இன்னொரு விஷயம், உன் செயின் ஓ ரிங் செயின். ஒவ்வொரு கண்ணியின் மூட்டுக்குள்ளும் கம்பெனியிலேயே கிரீஸ் அடைத்து ரப்பர் வளையத்தால் சீல் வைத்தது. நீ வெளியே விடும் எண்ணெய் உள்ளே போகாது, ரப்பர் காயாமல், ரோலர் தேயாமல், துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளத்தான். ஆகவே வெள்ளமாக விட வேண்டியதில்லை. பெட்ரோல் போட்டுக் கழுவுவாய் என்று கேள்விப்பட்டேன், அதை நிறுத்து, ரப்பர் உப்பிப்போகும். மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். அப்புறம், பெங்களூரில் சரியாகச் சொட்டுவது மதுரை தாண்டினால் வேகமாகச் சொட்டும், சூட்டில் எண்ணெய் இளகிவிடும். அங்கே நிறுத்திச் சொட்டும் அளவை டயலில் குறை.

திவ்யா: நான் இப்போதுதான் எழுந்தேன், இங்கே விடியற்காலை ஐந்து மணி. யாருக்கு என்ன ஆனது, 47 மெசேஜ்?

பிரபு: உங்க ஊர் ஆயிலர் வேண்டும் திவ்யா. ஸ்காட்டாய்லர், வேக்கம் டைப். என்ன விலை?

திவ்யா: பார்த்தேன். நூறு பவுண்டுக்கு மேல்

மல்லிகா அத்தை: நூறு பவுனா? ஒரு எண்ணெய் டப்பாவுக்கா?

திவ்யா: பவுண்டு அம்மா. டு. இந்த ஊர்ப் பணம்

மல்லிகா அத்தை: அதுவே ஒரு பவுன் காசின் தூசிக்குக் காணாது, சரி வாங்கு

மல்லிகா அத்தை: பவுன் என்றதும்தான் ஞாபகம். ஞாயிறு அம்மா வருஷத் திதிக்கு எல்லோரும் மாரிக்குப்பம் வருகிறோம் இல்லையா. அந்த மூன்று பவுன் செயின் பேச்சையும் முடித்துவிடலாம்.

அம்மா: முடிக்க என்ன இருக்கிறது அண்ணி. உங்கள் அம்மா தன் கையால் கழற்றிக் கொடுத்தது.

மல்லிகா அத்தை: கொடுத்தது யாருக்கு என்பதுதான். பேத்திக்கு என்று என்னிடமும் சொன்னாள்.

ராஜா பெரியப்பா: குரூப்பில் வேண்டாம்.

அப்பா: ம்.

காலை 10:25

ராஜா பெரியப்பா: பிரபு, நான் ஒன்று சொல்கிறேன். என் யெஸ்டியில் செயினே வெளியே தெரியாது. முழுக்க இரும்பு மூடி, முன்னும் பின்னும் ரப்பர் உறை. மழை, மண், திருடன், எதுவும் கிட்டே வராது. பத்து வருஷம் மார்க்கெட்டிலிருந்து சாம்பியன் ரீஃப் சுரங்கம் வரை ஓட்டினேன், செயினுக்கு நான் எண்ணெய் விட்டதாகவே நினைவில்லை. மைசூரில் செய்த வண்டி. 1996ல் அந்தத் தொழிற்சாலையை மூடினார்கள், அதோடு புத்தியும் போயிற்று, இப்போது எல்லாம் அம்மணமாக விடுகிறார்கள்.

மணி சித்தப்பா: நம் யெஸ்டி அண்ணா. பாதிப் பணம் நான் கொடுத்தது. நீங்கள் விற்றது எனக்குத் தெருவில் வேறொருவன் ஓட்டிப் போனபோதுதான் தெரிந்தது.

ராஜா பெரியப்பா: 2001 பிப்ரவரி 28ல் கோலார் தங்கச் சுரங்கத்தை மூடினான். மார்ச்சில் விற்றேன். உனக்கு பெமல் கம்பெனியில் மாசம் பிறந்தால் சம்பளம். எனக்கு?

ராஜா பெரியப்பா: கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்பாய், பணமும் தரமாட்டாய்.

மணி சித்தப்பா: கேட்டிருக்கலாம்.

கார்த்திக்: அப்பா. சித்தப்பா. செயின் ஆயிலர்.

வேலு மாமா: ஞாயிறு எத்தனை பேர்? காலை டிரெயினா, வேன் பேசட்டுமா? பங்காருப்பேட்டையில் மாற வேண்டியிருந்தால் எனக்கு முட்டி ஒத்துழைக்காது.

திவ்யா: நான் டிசம்பரில்தான் வருவேன் பிரபு, அப்போது வேண்டுமானால் கொண்டுவருகிறேன். அதையும் திருடினால்?

பிரபு: அதுதான் என் கேள்வியும். புதிதாகப் பளிச்சென்று மாட்டினால் நான்கு நாள்.

மணி சித்தப்பா: அதனால்தான் வேக்கம் என்கிறேன். டப்பாவை வெளியே கட்ட வேண்டாம், சீட்டுக்கு அடியிலோ சைடு பேனலுக்குப் பின்னாலோ மறைத்து வைக்கலாம், வெளியே தெரிவது ஸ்ப்ராக்கெட் ஓரம் ஒரு கறுப்பு டியூப் மட்டும், அதை எவனும் சீந்தமாட்டான். திருடன் கடைக்காரன் மாதிரி பெயர் பார்த்து எடுப்பதில்லை. பத்து வினாடியில் கையால் கழல்வதை எடுக்கிறான், ஸ்பேனர் கேட்டால் விட்டுவிடுகிறான், உன் துருப்பிடித்த லைட்டே சாட்சி. மொபைல் ஹோல்டரைத் தினமும் கழற்றிக்கொண்டு போ. லைட்டின் ஆலன் போல்ட் தலைக்குள் மெழுகை உருக்கி ஊற்றி மேலே கொஞ்சம் எம்சீல் அப்பு. உனக்கு வேண்டும்போது குத்தி எடுத்துக்கொள்ளலாம், அவனுக்கு ராத்திரியில் அந்தப் பொறுமை இருக்காது. ஆனால் ஒன்று, உன்னுடையது எஃப்.ஐ., ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டி, வேக்கம் எடுக்க இடம் எங்கே இருக்கிறது என்று மெக்கானிக் பார்த்துச் சொல்லட்டும், நீயே எந்த டியூபையும் வெட்டாதே. வாரண்டி இருந்தால் சர்வீஸில் இதையே சாக்காகச் சொல்வான்.

பிரபு: டிசம்பர் சரி. அடுத்த வாரத்துக்கு?

மணி சித்தப்பா: 90 கியர் ஆயில் சின்ன பாட்டில், ஒரு பிரஷ், ஒரு துணி. சாயங்காலம் தங்குகிற இடத்தில் செயின் சூடாக இருக்கும்போதே உள்பக்கமாகத் தடவு, சக்கரத்தைக் கையால் சுற்று, இன்ஜினை ஓடவிட்டுச் செய்யாதே, விரல் போகும். மிச்சத்தைத் துடைத்துவிடு. 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை என்பது வெயிலுக்கு. மழை என்றால் தினம்.

கார்த்திக்: பிரஷ்ஷை யாரும் திருடமாட்டார்கள்

மல்லிகா அத்தை: பத்திரமாகப் போய் வாடா கண்ணு. பகவதிக்கு என் பேரில் ஒரு அர்ச்சனை

பிரபு: சரி அத்தை. டிசம்பர் வரை பிரஷ், அப்புறம் வேக்கம். அப்படியே வைத்துக்கொள்வோமா?

திவ்யா: பணத்தை இப்போதே அனுப்பினால் வைத்துக்கொள்வோம்

மதியம் 12:40

அம்மா: பால்காரர் சொன்னார், தெருமுனையில் கால்வாய் மூடி மேல் எண்ணெய் பாட்டில் ஒன்று கிடக்கிறதாம். டிரான்ஸ்பார்மருக்கு எதிரில்.

பிரபு: போய்ப் பார்க்கிறேன்

பிரபு: அதேதான். முக்கால்வாசி எண்ணெய் அப்படியே இருக்கிறது. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு வீசிவிட்டான் போல, மூடி மட்டும் இல்லை. ஹோல்டரையும் லைட்டையும் கொண்டுபோய்விட்டான்.

கார்த்திக்: அப்போது டிசம்பர் வேண்டாமா?

பிரபு: தெரியவில்லையே. இதையே சைடு பேனலுக்குள் கட்ட முடியுமா சித்தப்பா?

வேலு மாமா: வேனா டிரெயினா, யாராவது சொல்லுங்கள்.

ராஜா பெரியப்பா: டிரெயின்.

மல்லிகா அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அம்மா: நான் படித்துவிட்டேன் அண்ணி.

அப்பா: ம்.

மணி சித்தப்பா: கட்டலாம், ஆனால் குழாயைத் திறக்க ஒவ்வொரு முறையும் பேனலைக் கழற்ற வேண்டும். பிரபு, அந்த டியூபின் உள்விட்டம் எத்தனை மில்லிமீட்டர்? அளந்து போடு.