புதுப்பிப்பு: மாலத்தீவு உள்ளூர்த் தீவுகளில் சாப்பாடும் கடைச் சாமானும்

மாலத்தீவில் ரிசார்ட் அல்லாத, மக்கள் வாழும் தீவுகளில் தங்கிச் சமைப்பவர்களுக்காக முன்பு எழுதியதில் "சூரை மீனைப் படகிலிருந்தே வாங்கிச் சமைக்கலாம்" என்று மட்டும் இருந்தது. அது போதாது. ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் என்ற, உடம்புக்கு ஒவ்வாத பொருள் ஊறிவிடும்; எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. முகம் சிவந்து, தலைவலி, வாந்தி வரும். ஐஸில் இருந்த மீனை மட்டும் வாங்குங்கள், உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். நாக்கில் மிளகுபோல் சுரீரென்றால் அந்தத் துண்டைத் துப்பிவிடுங்கள்.

சூரையும் தேங்காயும் பிசைந்து செய்யும் மாலத்தீவுக் காலையுணவான மஸ் ஹுனிக்கு அளவு கேட்டிருந்தீர்கள். இருவருக்கு: ஒரு டின் சூரை, அரை மூடித் தேங்காய்த் துருவல், சின்ன வெங்காயம் 6, பச்சை மிளகாய் 1, அரை எலுமிச்சை. வெங்காயம், மிளகாய், எலுமிச்சைச் சாற்றை முதலில் கையால் பிசையுங்கள், பிறகு மீன், கடைசியில் தேங்காய். டின் மீனை நன்றாகப் பிழிந்து வடிக்காவிட்டால் சொதசொதவென்றாகிவிடும். உப்புநீர் டின் என்றால் ருசி பார்த்த பிறகே உப்பு. ரொட்டியோடு சூடாகச் சாப்பிட இதைவிட நல்ல காலையுணவு அங்கே இல்லை.

காய்கறி சரக்குப் படகில்தான் வருகிறது. படகு வரும் நாளைக் கடையில் கேட்டு அன்றே வாங்குங்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் கடைகள் மூடியிருக்கும். ஊருக்குக் கொண்டுவர மாசிக்கருவாடு வாங்கினால், கல்போல் காய்ந்ததாகப் பாருங்கள்.