பக்கவாதத்துக்குப் பின் கைவிரல்களுக்கு ரோபோ கையுறை வாங்கலாமா?

காத்ர் போர்ன் மகள்:

அனைவருக்கும் வணக்கம். 64 வயதாகும் என் அம்மாவுக்கு ஐந்து மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. நடை ஓரளவு திரும்பிவிட்டது. கைத்தடி இல்லாமலேயே வாசல்வரை வருகிறார்கள். விரல்கள்தான் உள்ளங்கைக்குள் மடங்கியே கிடக்கின்றன. காலையில் நான் முதலில் கட்டைவிரலை விலக்கி, பிறகு ஒவ்வொரு விரலாகப் பிரித்து, நகம் பதிந்த இடத்தைத் துடைத்துவிடுகிறேன். முயன்றால் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சற்றே அசைகின்றன. இங்கே மொரீஷியஸில் அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி இலவசம் என்றாலும், எங்களுக்கு வாரம் ஒரு நாள்தான் கிடைக்கிறது. பக்கத்து ரெயூனியன் தீவில் இருக்கும் தம்பி, காற்றழுத்தத்தால் விரல்களை விரித்து மடக்கும் கையுறையை இணையத்தில் பார்த்துவிட்டு, வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்கிறான். அதனால் பயன் உண்டா?

ரோஸ் ஹில் பிசியோ:

சகோதரி, அந்தக் கையுறை உங்கள் அம்மா விரலை அசைக்க முயலும்வரை காத்திருக்கிறதா, அல்லது சுவிட்சைப் போட்டதும் தானாகவே விரித்து மடக்குகிறதா என்பதை முதலில் தம்பியிடம் விசாரியுங்கள். சிகிச்சை மையங்களில் உள்ள நல்ல கருவிகள், நோயாளி தொடங்கும் அசைவை உணர்ந்தோ, முன்கைத் தசையில் எழும் மின்குறியைப் படித்தோ, குறைபடும் அளவுக்கு மட்டும் துணை செய்கின்றன. மூளை புதிய வழியைப் பழகுவது தானே முயலும்போதுதான். தானாக இயங்கும் மலிவான கையுறை மூட்டுகள் இறுகிப்போகாமல் இருக்க உதவலாம். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

நல்ல கருவியானாலும் அளவோடுதான் நம்ப வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 1,619 பேர் பங்கேற்ற 45 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, இத்தகைய இயந்திரப் பயிற்சியால் கையின் செயலும் வலுவும் ஓரளவு மேம்படுவதாகக் கூறியது. ஆனால் பிரிட்டனில் 770 பேரிடம் நடந்து 2019-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த 'ரேட்டுல்ஸ்' ஆய்வில், வாரம் மூன்று நாள், நாளுக்கு 45 நிமிடம், பன்னிரண்டு வாரங்கள் ரோபோவுடன் பயின்றவர்களின் கைச்செயல், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட மேம்படவில்லை. இயந்திரத்தின் உண்மையான பலம், ஒரே அசைவைச் சலிக்காமல் நூற்றுக்கணக்கான முறை செய்ய வைப்பதே. அதைச் சமையலறை மேசையிலும் செய்யலாம் என்பது என் கருத்து. விற்பவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

திரியோலே வாசகர்:

அக்கா, என் அப்பாவுக்கு அப்படியொரு கையுறையை வாங்கினோம். முதல் இரண்டு வாரம் தொலைக்காட்சி பார்த்தபடியே மாட்டிக்கொண்டிருந்தார். விரல்கள் விரிந்து மடங்கின, அவர் கவனமோ செய்தியில் இருந்தது. கழற்றியதும் கை பழையபடி மூடிக்கொண்டது. பட்டை அழுத்திய இடத்தில் தோல் சிவந்தும் போனது. உணர்ச்சி குறைந்த கை என்பதால் அவருக்கு அது தெரியவேயில்லை. பிறகு பிசியோ சொன்னபடி, "இப்போது விரி" என்று நான் சொல்ல, அவர் முயன்ற பிறகே பொத்தானை அழுத்தினோம். ஒரு மாதத்தில் துணி உலர்த்தும் கிளிப்பைப் பிடிக்கும் அளவுக்கு வந்தார். கையுறையால் வந்ததா, முயற்சியால் வந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

காத்ர் போர்ன் மகள்:

மிக்க நன்றி. தம்பி பார்த்தது தானாக இயங்குவதுதானாம். அப்படியானால் வீட்டில் எதைத் தொடங்கலாம்?

ரோஸ் ஹில் பிசியோ:

அசைவு இருக்கிறதே, அதுவே நல்ல செய்தி. ஆனால் நகம் பதியும் அளவுக்கு விரல்கள் இறுகியிருப்பதால், தசை இறுக்கத்தைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி பொருந்துமா என்று மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். இறுக்கம் தளர்ந்தால் பயிற்சி எளிதாகும். நல்ல கையைக் கட்டிவைத்து நலிந்த கையைப் பயன்படுத்த வைக்கும் முறைக்கு மணிக்கட்டும் விரல்களும் தாமாகவே ஓரளவு விரிய வேண்டும் என்பதால், அது இப்போது வேண்டாம்.

கண்ணாடிப் பயிற்சியைத் தொடங்கலாம். நம் தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களுக்கு, இல்லாத கையே வலிப்பதுபோலத் தோன்றும் மாய உறுப்பு வலிக்காகக் கண்டறிந்த முறை அது. இடக்கையின் பிம்பம் வலக்கை இருக்கும் இடத்தில் தெரியும்படி கண்ணாடியை நிறுத்தி, இரு கைகளையும் ஒன்றாக அசைக்க முயலச் சொல்லுங்கள். முழங்கைக்குக் கீழே தலையணை இருக்கட்டும். தொங்கும் கையின் பாரம் தோளை இழுத்துவிடும்.

காத்ர் போர்ன் மகள்:

நேற்று மாலை அலமாரிக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தோம். காவடிக்கு வடை தட்டுவதுபோல இடக்கையைத் தட்டச் சொன்னேன். அம்மா கண்ணாடிக்குள் பார்த்துச் சிரித்துவிட்டு, மாவு எங்கே என்று கேட்டார்கள். இன்று உளுந்து ஊறவைத்திருக்கிறேன்.