ஹீலியோஸ் 44-2 லென்ஸ்: கண் மங்கல், காது தெளிவு. பிழை எங்க?

புதுக்குடியிருப்பில் இருந்து கேள்வி
கமரா கெனன் 700டீ. லென்ஸ் சோவியத் காலத்து ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ., எஃப் 2 (துளை முழுக்கத் திறந்த அளவு). பழைய மரைப்பூட்டு லென்ஸைக் கெனனில பூட்டுற எம்42 அடப்டர், சிப் இல்லை. கோயில் திருவிழாவில காவடி எடுக்கிறவையின்ர முகத்தை ஒன்றரை மீற்றர் தூரத்தில எஃப் 2 இல எடுக்கிறன். வியூபைண்டரில கண் வடிவாத் தெரியுது. கணினியில போட்டால் பாதிப் படத்தில காதுதான் தெளிவு, கண் மங்கல். கண்ணை நடுவில வைச்சு போக்கஸ் பிடிச்சிட்டு, பிறகு கமராவைத் திருப்பி காவடியையும் சேர்க்கிறன். இரணைமடுக் குளத்தில அக்கரை மரங்களும் ஒருநாளும் தெளிவா வந்ததில்லை. லென்ஸ் பழுதோ?

கிளிநொச்சி
லென்ஸைக் குறை சொல்ல முதல் கணக்கைப் பாருங்கோ. 58 மி.மீ., எஃப் 2, ஒன்றரை மீற்றர்: இந்தக் கமராவில தெளிவான ஆழம் மொத்தமே 5 செ.மீ. அளவுதான், கண்ணுக்கு முன்னால பாதி, பின்னால பாதி. போக்கஸ் பிடிச்ச பிறகு கமராவை 10 பாகை திருப்பினால் தெளிவுத் தளம் கண்ணுக்குப் பின்னால 2 செ.மீ.க்கு மேல போயிடும். திருப்புறது எப்பவும் பின்பக்கம்தான் தள்ளும். அதோட நீங்கள் கொஞ்சம் முன்னால சரிஞ்சாலும் காதுதான் மிஞ்சும். முதலில ஃப்ரேமை முடிவுசெய்யுங்கோ, பிறகு கண் எந்த மூலையில நிக்குதோ அங்கயே போக்கஸ் பிடியுங்கோ.

மற்றது வியூபைண்டர். இப்பத்தைய கமராக்களின்ர வியூபைண்டருக்குள்ள இருக்கிற போக்கஸ் திரை எஃப் 4, எஃப் 5.6 சூம் லென்ஸ்களுக்கு வெளிச்சமாத் தெரியச் செய்தது. எஃப் 2 இன்ர மெல்லிய ஆழத்தை அது காட்டாது, எல்லாம் தெளிவு மாதிரியே இருக்கும். 700டீ இல திரையை மாற்றவும் ஏலாது.

மாங்குளம்
சிப் உள்ள அடப்டர் வாங்கினால், போக்கஸ் சரியெண்டு காட்டுற விளக்கு வியூபைண்டரில எரியுமே?

கிளிநொச்சி
எரியும், ஆனால் ஒரு சின்னப் பட்டைக்குள்ள எங்க நிண்டாலும் எரியும். கிட்டயிருந்து திருப்பி எரியிற இடத்தையும், தூரத்தில இருந்து திருப்பி எரியிற இடத்தையும் பார்த்து நடுவில நிப்பாட்ட வேணும். சாமி ஆடுறவர் அதுக்குள்ள ரெண்டு அடி தள்ளிப் போயிடுவார். காசைச் செலவழிக்க முதல் ஒரு சோதனை செய்யுங்கோ.

அடிமட்டம் ஒன்றை 45 பாகை சரிவா வைச்சு, ஒரு மீற்றரில கமராவை முக்காலியில பூட்டுங்கோ. எஃப் 2, 2 செக்கன் ரைமர். 15 ஆம் கோட்டில வியூபைண்டரால 5 படம், லைவ் வியூவில (கமராவின்ர பின்திரையில) 10 மடங்கு பெருப்பிச்சு 5 படம். ஒவ்வொரு படத்துக்கும் போக்கஸைக் குழப்பிட்டுப் புதுசாப் பிடிக்க வேணும். வியூபைண்டர் படங்கள் எல்லாம் ஒரே பக்கம், ஒரே அளவு தள்ளினால் போக்கஸ் திரை அல்லது கமராவுக்குள்ள இருக்கிற கண்ணாடி நிக்கிற உயரம் பிழை. முன்னும் பின்னுமாச் சிதறினால் உங்கட கண்ணுக்குத் திரை உதவேல்லை எண்டு அர்த்தம். ஒரு கோடும் தெளிவில்லையெண்டால் அது போக்கஸ் பிழையில்லை, ஆட்டம். கையில பிடிச்சு எடுக்கேக்க 1/125க்குக் குறைய விடாதேங்கோ. முகம் அசைஞ்சால் 1/250.

புதுக்குடியிருப்பு
செய்து பார்த்தன். லைவ் வியூவில ஐந்தும் 15 இலயே. வியூபைண்டரில 13, 14, 15.5, 17, 18.

கிளிநொச்சி
அப்ப லென்ஸ் நல்லது. வியூபைண்டருக்குப் பக்கத்தில இருக்கிற சின்னச் சில்லை, உள்ளுக்குள்ள தெரியிற இலக்கங்கள் கூராகும் வரை திருப்புங்கோ. சிதறல் குறையும், முழுக்கப் போகாது. ஆட்கள் நிக்கிற இடத்தில லைவ் வியூ 5 மடங்கு போதும், 10 இல கைநடுக்கம் படத்தை அள்ளிக்கொண்டு போகும். இரவில விளக்குச் சுடரைப் பிடிக்காதேங்கோ, வெளுத்துப்போய் விளிம்பே தெரியாது. விளக்கின்ர உதட்டைப் பிடியுங்கோ. எஃப் 4 இல எடுக்கிறதெண்டால் 44-2 இல துளையை மூடுற ரெண்டாவது வளையத்தை மூடிட்டுப் போக்கஸ் பாருங்கோ. பழைய லென்ஸ்களில மூடேக்க தளம் கொஞ்சம் நகரும்.

மாங்குளம்
மேஜிக் லான்ரேன் மென்பொருள் 700டீ இல ஓடும், லைவ் வியூவில தெளிவான விளிம்புகளுக்கு நிறம் காட்டும். ஆனால் நிறம் விழுற அகலம் உண்மையான தெளிவை விடப் பெரிசு. உணர்திறனைக் குறைச்சு வையுங்கோ.

புதுக்குடியிருப்பு
அக்கரை மரங்கள்? வளையம் முட்டுற வரைக்கும் தெளிவு கூடிக்கொண்டே போகுது, அதோட நிக்குது.

கிளிநொச்சி
அது அடப்டர். எம்42 லென்ஸுக்குப் பூட்டுற முகத்தில இருந்து சென்சர் வரைக்கும் 45.46 மி.மீ. தூரம் வேணும், கெனன் மவுண்டில அது 44. அப்ப அடப்டர் 1.46 மி.மீ. தடிப்பாய் இருக்க வேணும். 0.1 மி.மீ. கூடினால், அதாவது ஒரு ஏ4 தாளின் தடிப்பு, இந்த லென்ஸ் 34 மீற்றருக்கு அங்கால போகாது. முதலில மரையை முழுக்க இறுக்கிப் பாருங்கோ. லேத் பட்டறையில மைக்ரோமீற்றரால நாலு இடத்தில அளவெடுங்கோ. தடிப்பெண்டால் வேற அடப்டர் வாங்குங்கோ, அரத்தால ராவினால் சரிஞ்சு ஒரு பக்கம் மங்கும். கொஞ்சம் மெல்லிசாக் கிடைச்சால் பரவாயில்லை, முடிவிலியை (ஆகத் தூரத்துப் போக்கஸை) தாண்டியும் திரும்பும். வளையத்தை முட்டும்வரை திருப்பாமல் பார்த்து நிப்பாட்ட வேணும், அவ்வளவுதான்.

அடப்டர் மாற்றியும் மத்தியானத்தில மரங்கள் நெளிஞ்சால் அது கானல். காலமை 8 மணிக்கு முதல் குளக்கட்டுக்குப் போங்கோ.