ஓடித் தேய்ந்ததா, ஓட்டித் தேய்த்ததா: கெப் வண்டிகளுக்கு ஒரு கலைச்சொல்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

நான் கேட்ட சொல்லுக்கு இத்தனை பரிந்துரைகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எழுதிய எல்லோருக்கும் நன்றி. இடையில் இணைந்தவர்களுக்காக ஒரு வரி: கொழும்பில் சரக்கு ஏற்றி ஓடும் கெப் சாரதிகளுக்கு ஒரு தமிழ்க் கைந்நூல் எழுதிக்கொண்டிருக்கிறேன். தமிழ்நாட்டு நண்பர்கள் பிக்கப் என்று சொல்வதைத்தான் நாங்கள் கெப் என்கிறோம். ஹைலக்ஸ், எல்200, டி-மேக்ஸ் எல்லாம் இங்கே கெப்தான். பின்னிருக்கை வரிசையும் இருந்தால் டபிள் கெப். நூலில் ஒரு அத்தியாயம் முழுக்க, சாரதியின் கைகால் பழக்கத்தால் கிளச்சும் கியர்பொக்ஸும் தேய்வதைப் பற்றியது. அந்தத் தேய்வுக்குப் பெயர் வேண்டும்.

கிளச்சுக்கும் கியர்பொக்ஸுக்கும் முதலில் தமிழ் வைக்க வேண்டாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இந்த நூலில் வேண்டாம் என்பது என் கருத்து. கொழும்பின் பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை வாசலில் நின்று "பிரஷர் பிளேட்" என்றால் பொருள் கைக்கு வந்துவிடும். உறுப்புகளுக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது, அது நம்முடைய எழுத்தில் நன்றாகவே உட்காருகிறது. பெயரில்லாமல் கிடப்பது சாரதி செய்யும் காரியம். உழைப்பை அங்கே போடுவோம்.

கராஜில் பேசப்படும் தமிழைக் கவனித்துப் பாருங்கள். "கிளச் போச்சு." "கியர் விழுகுதில்லை." "பெயாரிங் சத்தம் போடுது." எல்லாமே தன்வினை. செய்தவன் யாரும் அந்த வாக்கியங்களில் இல்லை. முதலாளி சாரதியைக் குறை சொல்ல, சாரதி "வண்டி பழசு" என்று சொல்ல, நடுவில் பாஸ் (கராஜ் மெக்கானிக்கை இங்கே அப்படித்தான் அழைப்போம்) பேசாமல் நட்டுகளைக் கழற்றிக்கொண்டிருப்பார். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த இடைக்காலத்தில் இருந்த வண்டியையே ஓட்டித் தீர்க்க வேண்டியிருந்ததால் இந்த வாக்குவாதம் முன்பைவிடச் சூடாகிவிட்டது. எந்தத் தேய்வு வயதால் வந்தது, எது பழக்கத்தால் வந்தது என்று பிரித்துச் சொல்லும் சொல் இருந்தால் இரண்டு பக்கமும் பேச ஓர் இடம் கிடைக்கும்.

பரிந்துரைகளுக்கு வருகிறேன். கோயம்புத்தூர் ஐயா "செலுத்தத் தேய்மானம்" என்று எழுதியிருந்தார். ஐயா, செலுத்தம் என்றால் ட்ரான்ஸ்மிஷன்; அது எந்த உறுப்பு தேய்ந்தது என்பதைச் சொல்கிறது, எதனால் என்பதைச் சொல்லவில்லை. தவிர, உங்கள் ஊரில் தேய்மானம் என்றால் கணக்காளர் காதை நிமிர்த்துவார். இங்கே கணக்கியலில் அதைப் பெறுமானத் தேய்வு என்பார்கள். ஆர்முடுகல் என்று நாங்கள் படித்ததை நீங்கள் முடுக்கம் என்று படித்தது போல இது எப்போதும் இரண்டு கரைக்காரர்களின் பிரச்சினை. ஆகவே மொட்டையாகத் "தேய்வு" என்பதே இரு பக்கத்துக்கும் பொது என்று நினைக்கிறேன். "பழக்கத் தேய்வு" என்று மட்டக்களப்புத் தோழி தந்தது காதுக்கு இனிமை. ஆனால் பழக்கமே தேய்ந்து போனதாகப் பொருள் வருகிறது. "சாரதித் தேய்வு" என்றால் தேய்கிறவர் சாரதி ஆகிவிடுவார்.

என் பரிந்துரை ஓர் இணை: ஓடுதேய்வு, ஓட்டுதேய்ப்பு.

வண்டி ஓடுகிறது, ஆள் ஓட்டுகிறார். கிளச் பிளேட் தேய்கிறது, ஆள் தேய்க்கிறார். தன்வினையையும் பிறவினையையும் இப்படி ஓர் எழுத்தில் பிரித்துக் காட்டுவது நம் மொழிக்குக் கைவந்தது. வண்டி ஓடினாலே தவிர்க்க முடியாமல் வருவது ஓடுதேய்வு. எண்ணெய் மாற்றி, கவனமாக ஓட்டினாலும் அது வரும். ஓட்டுகிற விதத்தால் மேலதிகமாக வருவது ஓட்டுதேய்ப்பு. கராஜ் தமிழில் காணாமற்போன எழுவாய் இந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

இந்தப் பிரிவு சொல்லுக்காக நான் இழுத்துப் போட்டது என்று நினைக்க வேண்டாம். உராய்வியலில் ஆர்ச்சர்டின் சமன்பாடு என்று 1953இல் வந்த ஒன்று உண்டு: தேய்ந்து போகும் பருமன், அழுத்தும் விசைக்கும் வழுக்கிய தூரத்துக்கும் நேர்விகிதம், பொருளின் வன்மைக்கு நேர்மாறு. கவனியுங்கள், வழுக்கிய தூரம். மீற்றரில் ஏறும் கிலோமீற்றர் உருண்ட தூரம். கிளச் முழுதாகப் பிடித்தபின் பிளேட்டும் எஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீலும் ஒன்றாகச் சுற்றுகின்றன, அங்கே வழுக்கல் இல்லை. நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஓடினாலும் கிளச் பிளேட் அநேகமாகத் தேயாது. புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்குக் காலை நெரிசலில் ஊர்ந்து போவதற்குள் அது வழுக்கும் தூரம் அதைவிட எவ்வளவோ அதிகம். ஒரே மீற்றர் அளவு காட்டும் இரண்டு வண்டிகளில் ஒன்றின் பிளேட் தடிப்பாகவும் மற்றதன் பிளேட்டில் ரிவெட் தெரிவதும் இதனால்தான்.

பாரம் ஏற்றிய கெப்பை இரண்டாவது கியரில் எடுப்பது இங்கே பரவலான பழக்கம். முதல் கியர் இழுத்து இழுத்துப் போகிறது, உடனே மாற்ற வேண்டியிருக்கிறது என்று காரணம் சொல்வார்கள். கணக்கு எளிது. எஞ்சின் ஒரே வேகத்தில் சுற்ற, நின்ற வண்டியைக் கிளச் மெல்லப் பிடித்து எடுக்கும்போது, வண்டி பெறும் இயக்கச் சக்தி எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவும் கிளச்சில் வெப்பமாகப் போகிறது. இரண்டாவது கியரின் விகிதம் முதலாவதில் கிட்டத்தட்டப் பாதி. ஆகவே கிளச் முழுதாகப் பிடிக்கும் நேரத்தில் வண்டியின் வேகம் இரு மடங்கு. சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் வெப்பம் நான்கு மடங்கு. பாரத்தோடு மூன்று தொன் நிறையுள்ள வண்டி மணிக்குப் 10 கிலோமீற்றரில் பிடித்தால் சுமார் 12 கிலோயூல், 20இல் பிடித்தால் சுமார் 46. ஒவ்வொரு சிக்னலிலும் இது. ஓட்டுதேய்ப்பு என்ற சொல்லுக்குக் கைந்நூலில் நான் வைக்கப்போகும் முதல் எடுத்துக்காட்டு இதுதான்.

போன மாதம் மருதானைப் பக்கம் ஒரு கராஜில் ஐந்து கியர் உள்ள கியர்பொக்ஸ் ஒன்றைப் பிரித்தபோது பக்கத்தில் நின்றேன். ஒயில் வடிக்கும் அடைப்பில் ஒரு சிறு காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறச் சேறு கொஞ்சம் ஒட்டியிருந்தது. அது இரும்புத் தூள், பற்களும் பெயாரிங்குகளும் ஓடித் தேய்ந்தது. வடித்த ஒயிலைத் தட்டில் சரித்துப் பார்த்தால், காந்தத்தில் ஒட்டாத பொன்னிறத் துகள்கள் வெளிச்சத்தில் மின்னின. பித்தளை. சிங்க்ரோ வளையங்களிலிருந்து வந்தது. பாஸ் ஒரு வளையத்தைத் துடைத்துத் தந்தார். உட்பக்கம் மயிரிழை போல வரிவரியாக இருக்க வேண்டிய பள்ளங்கள் மழுங்கி, விரல் வைத்தால் வழுவழுவென்று போயிற்று. கியர் பற்களின் வேகமும் தண்டின் வேகமும் சமமாகும்வரை உரசிப் பிடிப்பது அந்த வளையத்தின் வேலை. அதற்கு வேண்டிய நேரம் மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் கொடுக்காமல் கியரை அடித்து ஏற்றுகிற கைதான் அந்தப் பள்ளங்களை அழித்தது. ஒரே தட்டில் இரும்பும் பித்தளையுமாக நம் இரண்டு சொற்களும் கிடந்தன.

இனி உட்பிரிவுகள். இவற்றையும் உங்கள் முன் வைக்கிறேன்.

கடுகண்ணாவை ஏற்றத்தில் முன்னால் லொறி நிற்க, பிறேக்கைப் பிடிக்காமல் கிளச்சைப் பாதி விட்டு வண்டியை அந்தரத்தில் நிறுத்துவதைச் சாரதிகள் ஹாஃப் கிளச் என்கிறார்கள். அதை "அரைக்கிளச்" என்றே எழுதலாம். கேட்டவுடன் புரிகிறது. ஆனால் இதையும், ஓடும்போது இடது காலைக் கிளச் பெடலின்மேல் சும்மா வைத்திருப்பதையும் ஒரே பெயரில் போடுகிறார்கள், அது சரியில்லை. பின்னதில் சாரதிக்குத் தான் எதுவும் செய்வதாகவே தெரியாது. காலின் பாரத்தால், கிளச்சை விடுவிக்கும் ரிலீஸ் பெயாரிங் ஓயாமல் சுமை தாங்குகிறது, கிளச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் பிடி சற்றுத் தளர்கிறது. அதற்குத் தனியாகக் "கால்பாரம்" என்று வைக்கலாமா? அப்படியென்றால் கியர் லீவரின்மேல் கையை ஓய்வாக வைத்து ஓட்டுவது "கைப்பாரம்". அந்தப் பாரம் லீவர் வழியாக உள்ளே இறங்கி, கியர் மாற்றும்போது மட்டும் அசைய வேண்டிய ஃபோர்க் என்ற கவையை, சுழன்றுகொண்டிருக்கும் வளையத்தோடு அழுத்துகிறது. ஃபோர்க்கின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் இந்தக் காரணத்தை முதலில் சந்தேகிக்கலாம். கால்பாரம், கைப்பாரம் இரண்டும் சாரதிகள் வாயில் உடனே ஏறும் என்று நம்புகிறேன்.

ஒட்டோ கியர் வண்டிகளைப் பற்றி நிறைய எழுத வேண்டியதில்லை. வண்டி பின்னால் உருளும்போதே முன் கியருக்குத் தள்ளுவது, சரிவில் கைப்பிறேக் இல்லாமல் பார்க்கிங்கில் விட்டு முழுப் பாரத்தையும் உள்ளே இருக்கும் ஒரு சிறு கொக்கியில் தொங்கவிடுவது, இரண்டும் ஓட்டுதேய்ப்புக்குள் அடங்கும்.

எனக்கு இன்னும் திருப்தி வராதது ஃபோர்வீல் விஷயம், அதாவது நான்கு சில்லுகளையும் (சக்கரங்களையும்) எஞ்சின் சுற்றுவது. பல கெப்களில் ஃபோர்வீல் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கின்றன, நடுவில் வேறுபாட்டைத் தாங்க ஏதும் இல்லை. வளைவில் முன் சில்லுகள் அதிக தூரம் போக வேண்டும். சேற்றிலும் மணலிலும் சில்லு கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துவிடும். காய்ந்த தார் வீதியில் தீர்க்க வழியில்லை. முறுக்கு உள்ளேயே சேர்ந்து கொண்டு போகும். ஸ்டீயரிங் கனக்கும், பிறகு ஃபோர்வீல் லீவர் கழரவே மாட்டேன் என்று நிற்கும். கொஞ்சம் பின்னுக்கு எடுத்தால் விடும். மழை தூறியதும் பாதுகாப்பு என்று நினைத்துக் கொழும்பு நகருக்குள்ளேயே ஃபோர்வீலில் ஓட்டுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். இதற்கு "முறுக்குத்தேக்கம்" என்று எழுதி வைத்திருக்கிறேன். பொருள் சரியாக விழுகிறது, ஆனால் தேக்கம் என்றால் நீர் நினைவு வருகிறது. இதைவிட நல்லது ஒன்று யாராவது தந்தால் மகிழ்ச்சியோடு மாற்றுவேன்.

எழுத்துக்கூட்டல் பற்றி ஒரு வேண்டுகோள். ஓடுதேய்வும் ஓட்டுதேய்ப்பும் வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகாது. "ஓட்டுத்தேய்ப்பு" என்று எழுதினால் கூரை ஓட்டைத் தேய்ப்பதாகிவிடும். ஆட்டுகல் என்பதை ஆட்டுக்கல் ஆக்கிய கை இதையும் மாற்றிவிடக்கூடும், ஆகவே இப்போதே சொல்லி வைக்கிறேன். ஓட்டு என்றால் வாக்கு என்று தமிழ்நாட்டில் குழம்பாதா என்று திருச்சி நண்பர் கேட்டிருந்தார். ஓட்டுநர் என்பதைக் கேட்டு வாக்காளரை யாரும் நினைப்பதில்லையே.

மெய்ப்பு அடுத்த மாத நடுவில் அச்சகத்துக்குப் போகிறது. ஓடுதேய்வு, ஓட்டுதேய்ப்பு, அரைக்கிளச், கால்பாரம், கைப்பாரம் ஐந்தையும், கடுமையான மறுப்பு வராவிட்டால், இப்படியே சேர்க்கிறேன். முறுக்குத்தேக்கத்துக்கு மட்டும் அதுவரை இடம் விட்டு வைத்திருக்கிறேன், எழுதுங்கள்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து