கண்டிக்குப் போய்வருகிற பாடு: பஸ், ரயில், சைக்கிள்

கெலிஓயாக்காரன்:

மலைநாட்டில் சைக்கிளா என்று சிரிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கெலிஓயாவிலிருந்து கண்டி டவுனுக்குப் பதினான்கு மாதம் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்தவன் நான். ஆசைப்பட்டுப் போகவில்லை.

2022 ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீட்டர் 470 ரூபாய்க்கு ஏறியது. ஏறியும் என்ன, அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். மோட்டார் சைக்கிளைப் பெற்றோல் ஷெட் வரிசையில் இரண்டு இரவு விட்டுப் பார்த்தேன். பிறகு கியூஆர் முறையில், அதாவது கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பங்கீடு வாங்கும் முறையில், மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீட்டர் என்றார்கள். எனக்கு அது காணும்தான். ஆனால் அது ஒழுங்காகக் கைக்கு வருவதற்குள் மாமாவின் பழைய லுமாலா சைக்கிளைத் தூசி தட்டி எடுத்துவிட்டேன். புதிது வாங்கலாம் என்று கடைக்குப் போனவர்கள் விலையைக் கேட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்த காலம் அது.

இத்தனை வருடம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போன பாதையில் பெரிய ஏற்றமே இல்லை என்பது முதல் நாள்தான் தெரிந்தது. மகாவலி கூடவே வருகிறது. ஆறு எங்கே மலை ஏறப் போகிறது? கெலிஓயா, பெனிதெனிய, பேராதனைப் பாலம், கெட்டம்பே. சின்னச் சின்ன மேடுகள் உண்டு, கியர் இல்லாத சைக்கிளே சமாளிக்கும். எனக்கு ஐம்பது நிமிடம். பாடசாலை நாளில் பஸ்ஸுக்கு அதைவிடக் கூட.

பாலம் வரைக்கும் சுகம். கெட்டம்பே தாண்டினால்தான் வினை. கண்டிக்குள் நுழைய முக்கியமான வாசல்கள் மூன்று: இந்தப் பக்கம், கட்டுகஸ்தோட்டை, தென்னகும்புர. மூன்று பக்கமும் ஆறு சுற்றி ஓட, நடுவில் கிண்ணம் மாதிரி டவுன். 1998 ஜனவரியில் குண்டு வெடித்த பிறகு தலதா மாளிகைக்கு முன்னால் உள்ள வீதியையும் வாகனங்களுக்கு மூடினார்கள். அந்த வண்டிகளும் சேர்ந்து மற்றப் பாதைகளில் திணறின. காலை ஏழு மணிக்குப் பாடசாலை வேன்கள் வேறு. வண்டிகள் நிற்கும், நான் ஓரமாக முந்திப் போவேன், அந்தச் சந்தோஷம் உண்மை. ஆனால் அந்த ஓரம் யாருக்கும் சொந்தமில்லை. ஹோல்ட்டில் ஆள் ஏற்ற பஸ் குறுக்கே வெட்டி உள்ளே வரும். வடிகான் மூடிகளுக்கு நடுவே சரியாக ஒரு சில்லு இறங்குகிற அளவுக்கு இடைவெளி. ஒருநாள் மழையில் என் முன் சில்லு அதில் இறங்கியது. நாடியில் மூன்று தையல். கடைக்கு வந்தால் முதலாளி கேட்ட முதல் கேள்வி, "சாவி உன்னிடம்தானே?"

டவுனில் சைக்கிளைக் கட்ட இடமில்லை என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு வாகனத் தரிப்பிடத்தில் கேட்டேன். மோட்டார் சைக்கிளுக்கு வாங்குகிற காசையே கேட்டான். பேரம் பேசினால், "மாத்தயா, இதுக்கும் ரெண்டு சில்லுதானே" என்கிறான்.

என்னைக் கேட்டால் டவுனுக்குள் சைக்கிள் பாதை கேட்டுப் போராடுவது வீண். கெலிஓயாவிலிருந்து கெட்டம்பே வரைக்கும் ஓரத்தைச் சீர்செய்து, பேராதனை ஸ்டேஷனிலும் சரசவி உயனவிலும் பூட்டி வைக்க ஒரு கூரை போட்டால் போதும். மிச்சத்தை ரயில் பார்த்துக்கொள்ளும்.

2023 செப்டம்பர் முதலாம் திகதி கியூஆர் முறையை எடுத்தார்கள். அந்தக் கிழமையே என் சைக்கிள் சுவரில் தொங்கியது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஹட்டன் டீச்சர்:

தம்பி, உங்களுக்கு ஆறு வழி போட்டுக் கொடுத்திருக்கிறது. எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். மேல் டிவிசன் லயங்களிலிருந்து பிள்ளைகள் மெயின் ரோட்டுக்கு இறங்கவே முக்கால் மணி நேரம். இறங்கி வந்து கையைக் காட்டினால் பஸ் நிற்காது. சீசன் டிக்கட் அரசாங்கத்தின் இ.போ.ச. பஸ்ஸில்தான் செல்லும். தனியார் பஸ்ஸோ வெள்ளைச் சட்டைக் கூட்டத்தைக் கண்டதும் வேகம் எடுக்கும். சிசு செரிய என்று 2005இல் பாடசாலைப் பிள்ளைகளுக்காக ஒரு நல்ல பஸ் சேவை தொடங்கினார்கள், எங்கள் ரோட்டுக்கு அது வரவில்லை.

ஒரு மழைக்காலம், முதல் பாடத்துக்குப் பதினொரு பிள்ளைகள் இல்லை. ஒன்பதரைக்கு நனைந்து வந்தார்கள், புத்தகங்களை மட்டும் உரப்பைப் பொலித்தீனில் சுற்றிக் காப்பாற்றியிருந்தார்கள். ஏசவும் மனம் வரவில்லை. அப்புறம் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் ஒரு அப்பியாசக் கொப்பியைக் கொடுத்து, எந்த பஸ் எத்தனை மணிக்குப் போனது, நின்றதா இல்லையா என்று எழுதச் சொன்னேன். பத்துப் பாடசாலை நாளில் நின்றது நான்கே நாள். நிற்காத நாளெல்லாம் பஸ் ஏற்கெனவே நிரம்பி வந்திருந்தது, ஏனென்றால் முன்னதாகப் போக வேண்டிய பஸ்ஸும் பத்து நிமிட இடைவெளியில் அதோடு ஒட்டியே வந்ததால், அதற்கு முன் நெடுநேரம் பஸ்ஸே இருக்கவில்லை.

கொப்பியை எடுத்துக்கொண்டு டிப்போவுக்குப் போனோம். கடிதம் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார் அங்கிருந்தவர். கொப்பியைப் புரட்டிப் பார்த்த பிறகு உட்காரச் சொன்னார். ஒரு மாதம் கழித்து 6.50 பஸ் 6.35க்கு மாறியது. புது பஸ்ஸும் இல்லை, செலவும் இல்லை. பெற்றோர் பழைய லயத்துத் தகரத்தால் ஒரு ஹோல்ட்டும் அடித்தார்கள். இப்போது அதில் முதல் ஆளாக வந்து நிற்பது ஆடுகள்.

சைக்கிள் கதையும் ஒன்று உண்டு. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கொண்டுவந்தான். இறங்குவது ஐந்து நிமிடம், ஏறுவது முழுக்கத் தள்ளல். அதிபர் வேண்டாம் என்றுவிட்டார். வளைவில் பஸ் திரும்பும்போது ஒரு பக்கம் கான், மறுபக்கம் பள்ளம், பிள்ளை எங்கே விலகுவான்? 2023 ஜனவரியில் நானுஓயா ரதெல்லை இறக்கத்தில் பஸ் மோதி ஏழு பேர் செத்தது எங்கள் ஆட்களுக்கு இன்னும் மறக்கவில்லை. நானும் அவரோடு வாதாடவில்லை.

மிச்சக்காசு:

டீச்சர் சொல்வது சரி. ஆனாலும் நான் கொண்டக்டர் மகன், அப்பா பக்கத்தையும் சொல்லியாக வேண்டும்.

தனியார் பஸ்ஸில் அப்பாவுக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. வசூலில் முதலாளிக்கு ஒரு தொகை, டீசல், டைம் கீப்பருக்கு ஒரு கை. மிஞ்சுவதில்தான் டிரைவருக்கும் அவருக்கும். அதனால்தான் ஸ்டாண்டில் பஸ்ஸை அரை அடி அரை அடியாக உருட்டி ஆள் சேர்ப்பதும், கிளம்பிய பிறகு முன்னால் போகிற பஸ்ஸைப் பிடிக்கப் பறப்பதும். பஸ் வரும் நேரம் நமக்குத் தெரியாமல் இருப்பதும் அதனால்தான். அரை டிக்கட் பிள்ளை ஏறினால் முழு ஆளின் இடம் போகிறது என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். கேட்க அசிங்கமாக இருக்கும், கணக்கு அப்படி. இந்தக் கணக்கை மாற்றாமல் எத்தனை புது ஸ்டாண்ட் கட்டினாலும் உள்ளே இதே உருட்டல்தான். கண்டி குட்ஷெட் பக்கம் உலக வங்கிக் கடனில் பெரிய பஸ் முனையத்துக்கு வேலை நடக்கிறதே, அதைப் பார்க்கும்போதும் எனக்கு இதே நினைப்புத்தான்.

2025 மே 11 விடியற்காலை கொத்மலை கெரண்டி எல்ல என்ற இடத்தில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த பஸ்ஸிலும் அளவுக்கு மேல் ஆட்கள். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து, மிதிபலகையில் ஆள் தொங்கினால் அப்பா பெல் அடிப்பதில்லை. டிரைவர் கத்துவார். அப்பா டிக்கட் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நிற்பார்.

மாத்தளை லைன்:

வத்துகாமத்திலிருந்து ரயிலில் வருகிறேன். 1880இல் போட்ட பாதை. கட்டுகஸ்தோட்டையில் பஸ்கள் வரிசையாக நிற்கும்போது நாங்கள் மஹயாவ சுரங்கத்துக்குள் போய்க்கொண்டிருப்போம். ஒரே குறை, ஒன்றை விட்டால் அடுத்ததற்குள் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வரலாம். இருக்கிற தண்டவாளத்தில் காலையில் இன்னும் இரண்டு ரயில் ஓடினால் நானே பத்துப் பேரை பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டிவருவேன்.

கெலிஓயா அண்ணே, அந்த லுமாலாவை விற்கிற எண்ணம் உண்டா?

கெலிஓயாக்காரன்:

டீச்சர், அந்தக் கொப்பி யோசனையை நான் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் ஹோல்ட்டில் நாளையிலிருந்து எழுதத் தொடங்குகிறேன்.

மாத்தளைத் தம்பி, விற்கவில்லை. நேற்று இறக்கிக் காற்றடித்துப் பார்த்தேன், பின் டியூப் போய்விட்டது, பிரேக் கட்டையும் கல்லாகிவிட்டது. கம்பளையில் நல்ல கட்டை எங்கே கிடைக்கும் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். மலிவுக் கட்டை வேண்டாம், மழையில் பிடிக்காது.