அப்டேட்: கிளிப் மூடிக்கு பிரிண்டா, சிலிக்கோன் மோல்டா, அலுமினிய டூலா

சென்சார் பாக்ஸுக்கு கிளிப் வச்ச பிளாஸ்டிக் மூடி, டெஸ்ட்டுக்கு ஒரு நாப்பது பீஸ் வேணும், எப்படி பண்றதுன்னு கேட்டிருந்தேன்ல, அதோட அப்டேட் இது.

ஷேப் பாக்க எஸ்.எல்.ஏ ரெசின்ல (திரவ ரெசின ஒளியால கெட்டியாக்கற 3டி பிரிண்ட்) எடுத்தோம், வழவழன்னு அழகாத்தான் வந்துச்சு, ஆனா சாதாரண ரெசின் வளையாது, கிளிப்ப கொஞ்சம் அழுத்தினாலே பட்டுன்னு போயிடும், அதனால அத கண்ணுக்கு காட்ட மட்டும் வச்சுக்கிட்டு கிளிப்ப செக் பண்ண எஸ்.எல்.எஸ் நைலான் 12க்கு (நைலான் பவுடர லேசரால உருக்கி ஒட்டற 3டி பிரிண்ட்) போயாச்சு. அது நல்லா வளையுது. பிரிண்ட் ஆகும்போது தாங்கிப் பிடிக்க தனி சப்போர்ட்டும் வேணாம், சுத்தி இருக்கற பவுடரே தாங்கிக்கும். என்ன, தொட்டா சொரசொரன்னு இருக்கு.

நாப்பது பீஸ் சிலிக்கோன் மோல்டுலதான். ஒரு மோல்டு சுமாரா 20 பீஸ் வரைக்கும் தாங்கும், அப்புறம் ஓரமெல்லாம் கிழிய ஆரம்பிக்கும், ஸோ ரெண்டு மோல்டு. ஊத்துறது பாலியூரித்தேன், பாக்க ஏ.பி.எஸ் பிளாஸ்டிக் மாதிரியே இருக்கும் ஆனா ஏ.பி.எஸ் இல்ல, அதனால சூடு, கெமிக்கல் டெஸ்ட் ரிசல்ட்ட இந்த பீஸ வச்சு நம்ப மாட்டேன்.

அந்த டெஸ்ட்டுக்கு அசல் பிளாஸ்டிக்லயே பீஸ் வேணும், அதுக்கு அலுமினிய டூல் (உருகின பிளாஸ்டிக்க அழுத்தி உள்ள செலுத்தற அச்சு). பக்கச் சுவருக்கு 1 - 2 டிகிரி டிராஃப்ட் (பீஸ் அச்சுல இருந்து ஈஸியா வெளிய வர வைக்கற சாய்வு) இப்பவே குடுத்தாச்சு, கிளிப் அண்டர்கட்டுக்கு (பீஸ நேரா வெளிய வர விடாம மாட்டற கொக்கிப் பகுதி) ஸ்லைடர், அதாவது அச்சுல தானா பக்கவாட்டுல நகர்ற பாகம், வேணாம்னு கையால மாட்டி எடுக்கற இன்சர்ட் (தனி அச்சுத் துண்டு) யோசிக்கிறோம். கொஞ்ச பீஸுக்கு அது போதும், என்ன, ஒவ்வொரு ஷாட்டும் (ஒரு தடவ பிளாஸ்டிக் செலுத்தி பீஸ் எடுக்கறது) மெதுவா போகும். கிளிப் டிசைன் ஃபைனல் ஆகாம மெட்டல்ல கை வைக்கறதா இல்ல.

அந்த இன்சர்ட் மெத்தட் யூஸ் பண்ணவங்க இருந்தா சொல்லுங்க.