சூப்பர் போல் நாளில் 147 கோடிக் கோழி இறக்கைகள்: இந்தக் கணக்கு நம்பக்கூடியதா?

கேள்வி – கழகச் செயலாளர், பொகவந்தலாவை, இலங்கை

அனைவருக்கும் வணக்கம். சித்திரைப் புத்தாண்டையொட்டி எங்கள் தோட்டத்து இளைஞர் கழகம் நடத்தும் கிரிக்கெட் சுற்றுப்போட்டிக்கு இம்முறை உணவுக் கடையையும் நாங்களே போடுவதாக இருக்கிறோம். எவ்வளவு சமைப்பது என்று பேசிக்கொண்டிருந்தபோது, கழகத்துத் தம்பி ஒருவர் கைப்பேசியில் ஒரு செய்தியைக் காட்டினார். 2025 பெப்ரவரியில் நடந்த அமெரிக்கக் காற்பந்து இறுதியாட்டமான சூப்பர் போலின்போது அந்நாட்டு மக்கள் 147 கோடிக் கோழி இறக்கைகளை உண்பார்கள் என்று அங்குள்ள தேசியக் கோழிப் பேரவை மதிப்பிட்டிருந்ததாம்.

எனக்கு இரண்டு ஐயங்கள். ஒரே ஆட்டத்துக்கு இவ்வளவு உணவு என்பது நடக்கக்கூடியதா? அப்படியே நடந்தாலும், ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்களுக்கு ஓயாமல் உண்ண நேரம் எங்கிருந்து கிடைக்கிறது? எங்கள் மைதானத்தில் கடைசி ஓவர்கள் நடக்கும்போது கையிலிருக்கும் வடையைக் கடிக்கக்கூட ஒருவருக்கும் நினைவிருப்பதில்லை.

மறுமொழி 1 – அட்டனில் பிறந்தவன், தற்போது நியூயோர்க் மாநிலத்தில்

தம்பி, உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு விடை அந்த ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. கடிகாரக் கணக்கில் அது 60 நிமிட ஆட்டம். 15 நிமிடங்கள் வீதம் நான்கு பகுதிகள். ஆனால் தொலைக்காட்சியில் அது முடிய மூன்றரை மணி நேரத்துக்கு மேலாகும். 2010ஆம் ஆண்டில் இங்குள்ள ஒரு நாளிதழ் சில ஆட்டங்களை அளந்து பார்த்தபோது, பந்து உண்மையில் அசைந்துகொண்டிருக்கும் நேரம் ஏறத்தாழ 11 நிமிடங்கள்தான் என்று தெரியவந்தது. மீதி நேரமெல்லாம் வீரர்கள் கூடி அடுத்த நகர்வைப் பேசுவதிலும், நடுவர்கள் ஒளிப்பதிவைத் திரும்பப் பார்ப்பதிலும், விளம்பரங்களிலும் கழிகிறது. சாதாரண ஆட்டத்தில் 13 நிமிடங்களுக்குள் முடியும் இடைவேளை, சூப்பர் போலில் இசை நிகழ்ச்சிக்காக அரைமணி நேரம் வரை நீள்கிறது. ஒவ்வோர் ஓய்விலும் கை மேசைக்குப் போய்வருமென்றால், அந்த மாலையில் எத்தனை முறை போகும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று, இந்த உணவில் மிகப் பெரும்பகுதி மைதானத்தில் உண்ணப்படுவதில்லை. 2025 ஆட்டம் நியூ ஓர்லியன்ஸில் நடந்தது. அந்த அரங்கில் இருந்தவர்கள் சில பத்தாயிரம் பேர்தான், தொலைக்காட்சி வழியாகப் பார்த்தவர்களின் சராசரியோ ஏறத்தாழ 12 கோடியே 77 இலட்சம். அவர்களில் பலர் அயலவரையும் உறவினரையும் அழைத்து வீட்டுக் கூடத்தில் அமர்ந்திருப்பவர்கள். கிழக்கு மாநிலங்களில் ஞாயிறு மாலை 6.30 மணிக்கு ஆட்டம் தொடங்கும். நம் ஊரில் அப்போது திங்கள் அதிகாலை 5 மணி, தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்து வீடுகளின் அடுப்புகளில், பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்பதிவுக்குப் போகிறவர்களுக்கான ரொட்டி வெந்துகொண்டிருக்கும். மைதானத்துக்கே போகிறவர்களும் சும்மா இருப்பதில்லை. வாகனத் தரிப்பிடத்தில் வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து, பல மணி நேரம் முன்பிருந்தே இறைச்சி சுடத் தொடங்கிவிடுவார்கள். அது பருவம் முழுவதும் நடக்கிற வழக்கம்.

கோழி இறக்கை இந்த நாளின் உணவாக ஆனதற்கு நான் வாழும் மாநிலமே காரணம். இங்குள்ள பஃபலோ நகரின் ஆங்கர் பார் என்ற மதுச்சாலையில் 1964இல், அதுவரை சூப் வைப்பதற்கே போய்க்கொண்டிருந்த இறக்கைகளைப் பொரித்து, மிளகாய்ச் சாற்றிலும் வெண்ணெயிலும் புரட்டிக் கொடுத்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. பின்னர் 1980களில் எலும்பில்லாத நெஞ்சு இறைச்சிக்குத் தேவை ஏறியபோது இறக்கைகள் மலிவாகத் தேங்கின. மதுச்சாலைகள் அவற்றை வாங்கி, உறைப்பும் உப்பும் சேர்த்து, விளையாட்டு ஒளிபரப்பாகும் மாலைகளில் விற்றன. உறைத்த வாய்க்குப் பியர் தேவைப்படும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. நம் ஊர் மதுச்சாலைகளில் குடியோடு கொடுக்கும் பைட்ஸ் என்ற கொறிப்புகளும் அதே கணக்குத்தானே.

மேசையில் இருக்கும் மற்றவற்றில் நீங்கள் உடனே அடையாளம் காணக்கூடியது பட்டர் பழம். நாம் சீனியும் பாலும் சேர்த்துப் பிசைந்து உண்பதை, இவர்கள் வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ச் சாறு, உப்பு சேர்த்துப் பிசைந்து, சோளச் சீவலால் தொட்டு உண்கிறார்கள். பழத்தின் பெரும்பகுதி மெக்சிக்கோவின் மிச்சோவகான் மாநிலத்திலிருந்து வருகிறது. 2022இல் ஆட்டத்துக்கு முந்திய நாள், அங்கு பணியாற்றிய அமெரிக்கப் பரிசோதகர் ஒருவருக்கு மிரட்டல் வந்ததால் இறக்குமதியையே நிறுத்திவைத்தார்கள். அந்த ஆண்டுக்கான பழங்கள் முன்பே எல்லையைத் தாண்டியிருந்தன. ஒரு வாரத்துக்குள் தடை நீங்கியது.

மறுமொழி 2 – பதுளை பொருளியல் ஆசிரியர்

அட்டன் நண்பர் உண்ணும் நேரத்தை விளக்கிவிட்டார். நான் தொகையைப் பார்க்கிறேன். அமெரிக்காவின் மக்கள்தொகை ஏறத்தாழ 34 கோடி. 147 கோடியை அதனால் வகுத்தால் தலைக்கு நான்கு இறக்கைகளுக்குச் சற்று மேல். ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மட்டுமே உண்டார்கள் என்று வைத்தால் தலைக்குப் பதினொன்று அல்லது பன்னிரண்டு. அங்குள்ள கடைகளில் இறக்கையின் நுனியை நீக்கி, மீதியை மூட்டில் வெட்டி இரண்டு துண்டுகளாக்கிப் பரிமாறுவது வழக்கமாதலால், பன்னிரண்டு துண்டுகள் என்றால் ஆறு முழு இறக்கைகள், அதாவது மூன்று கோழிகளுக்குரியவை. ஆகவே எண்ணப்படுவது முழு இறக்கையா வெட்டிய துண்டா என்பதைப் பொறுத்து விடை பாதியாகவும் குறையலாம். எப்படிப் பார்த்தாலும் நான்கு மணி நேரம் அமர்ந்திருக்கும் வளர்ந்த மனிதருக்கு அது முடியாத அளவல்ல. தீபாவளி முற்பணம் கிடைத்த வாரத்தில் ஒரு தோட்டத்து மக்கள் வாங்கும் ஆட்டிறைச்சியையெல்லாம் ஒன்றாகக் கூட்டிச் சொன்னால், நம்மையும் பெருந்தீனிக்காரர்கள் என்றுதான் வெளியூரார் நினைப்பார்கள்.

எனக்கு வியப்பாக இருப்பது வேறொன்று. அந்நாட்டில் ஆண்டுக்கு 900 கோடிக்கும் அதிகமான இறைச்சிக் கோழிகள் வளர்க்கப்படுகின்றன. அதாவது 1,800 கோடி இறக்கைகள், மாதத்துக்கு 150 கோடி. அப்படியானால் பேரவை சொல்வது முழு இறக்கைகளாக இருக்குமிடத்து, ஒரு மாத உற்பத்தி ஓர் ஆட்டத்தைச் சுற்றியே தீர்ந்துபோகிறது. ஒரு கோழிக்கு இரண்டு இறக்கைகள்தான் என்பதாலும், இறக்கைக்காக மட்டும் எவரும் கோழி வளர்ப்பதில்லை என்பதாலும், தேவை கூடும்போது உற்பத்தியைத் திடீரென்று கூட்ட இயலாது. முன்கூட்டியே குளிர்ச் சேமிப்பகங்களில் சேர்த்துவைத்துத்தான் சமாளிக்க வேண்டும். மதிப்பீட்டை வெளியிடுவது கோழி விற்போரின் அமைப்பு என்பதையும் மறக்கக் கூடாது. அது பொய் என்று நான் சொல்லவில்லை; ஆண்டுதோறும் ஆட்டத்துக்கு முன்னரே அது நாளிதழ்களில் வருவதால் கோழி வியாபாரத்துக்கு இலவச விளம்பரம் கிடைக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. சேர், நீங்கள் வகுத்துக் காட்டியதும் தொகையின் மிரட்டல் போய்விட்டது. குடியைப் பற்றியும் யாராவது எழுதினால் உதவியாக இருக்கும். போன ஆண்டு மாலை ஆட்டத்தின்போது குடித்துவிட்டு வந்தவர்களால் எங்களுக்குச் சிறு தகராறு ஏற்பட்டது.

மறுமொழி 3 – ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நுவரெலியா

அங்கேயும் அதே தலைவலி உண்டு. அந்நாட்டுக் காற்பந்து அரங்குகளில் பியர் தாராளமாக விற்கப்பட்டாலும், மூன்றாம் பகுதி முடிந்ததும் விற்பனையை நிறுத்திவிடுவது பெரும்பாலான இடங்களில் நடைமுறை; கடைசி ஒரு மணி நேரத்தில் ஓரளவு தெளிந்து வீடு திரும்பட்டும் என்பதே நோக்கம். வாங்குவோருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். நம் நாட்டுச் சட்டத்திலும் அதே வயதுதான். வீடுகளில் குடிப்பவர்களுக்கு அப்படிக் கட்டுப்பாடு இல்லாததால், குடித்தவர் வண்டியோட்ட வேண்டாம் என்று நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிருவாகம் சூப்பர் போல் காலத்தில் தனியாகவே பிரசாரம் செய்கிறது. உங்கள் மைதானத்தில் மதுவே விற்கப் போவதில்லை என்று நம்புகிறேன். ஆயினும் வெளியே குடித்துவிட்டு வருகிறவர்களைக் கருத்திற்கொண்டு, இறுதியாட்டத்தை மாலைக்குத் தள்ளாமல் மதியத்திலேயே முடித்துவிடுங்கள். அதைவிடப் பயனுள்ள வேறு வழியை நான் கண்டதில்லை.

என் தொழில் சார்ந்த ஒரு செய்தியையும் சேர்க்கிறேன். நான்கு மணி நேரம் மேசையில் இறைச்சி கிடப்பதுதான் இந்தக் கொண்டாட்டத்தின் பெரிய ஆபத்து என்பதால், அமெரிக்க விவசாயத் திணைக்களம் இந்த ஆட்டத்தையொட்டி எச்சரிக்கை விடுப்பதுண்டு. கோழியின் உட்பகுதி 74 பாகை செல்சியசை எட்டும்வரை சமைக்க வேண்டும். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. 4 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் கிருமிகள் விரைந்து பெருகும். நம் பக்கத்தில் குளிர் அதிகம், கெடாது என்று பலர் நினைக்கிறார்கள். நுவரெலியாவின் 15, 16 பாகையும் அந்த எல்லைக்குள்ளேயே அடங்குகிறது. ஆகவே காலையிலேயே எல்லாவற்றையும் பொரித்துக் குவித்துவைக்காமல், ஒவ்வோர் ஆட்டத்தின் இடைவேளைக்கும் தேவையான அளவை அவ்வப்போது பொரித்துக்கொள்ளுங்கள். பச்சை இறைச்சியைப் பனிக்கட்டிப் பெட்டியில் வையுங்கள். வெந்ததை எடுக்கும் இடுக்கி வேறாக இருக்கட்டும்.